பள்ளிக்கூட அடுப்புக்கும் வேண்டும் எழுதி வைத்த அளவு



பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன உணவு தருகிறார்கள் என்று கேட்டால் பெற்றோரில் பலர் உடனே விடை சொல்லிவிடுவர். காலையில் கிச்சடி, மதியம் சோறும் முட்டையும் என்பார்கள். அந்தக் கிச்சடியில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பருப்பு சேர வேண்டும், தட்டில் விழுந்த சாம்பாரில் அது உண்மையில் இருந்ததா என்று கேட்டால் விடை வராது. பெற்றோரை விடுங்கள். பல இடங்களில் ஆசிரியருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லக்கூடிய ஒரு தாளும் சமையலறைச் சுவரில் இராது.

அரசாணைகளில் அளவு இருக்கிறது. ஒன்றிய அரசின் பள்ளி மதிய உணவு விதிகள், தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று வரையறுக்கின்றன. நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு இவை முறையே 150, 30, 75, 7.5 கிராம். முன்னவருக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், பின்னவருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, சமைத்த பின் 150 முதல் 200 கிராம் உணவு, 60 மில்லி சாம்பார் என்று வகுக்கப்பட்டது.

கணக்கு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பிள்ளை உண்பது கிராமை அல்ல, கரண்டியில் வருவதை. மூட்டையில் இருக்கும் கிராமைத் தட்டில் விழும் கரண்டியாக மாற்றுவது செய்முறை. அந்தச் செய்முறையைச் சமைத்துப் பார்த்து, எடை போட்டு, திருத்தி, எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். சிறிய வேலைபோல் தோன்றும். ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையின் பங்கு அந்தத் தாளைப் பொறுத்திருக்கிறது.

நூறாண்டுக் கதையில் விடுபட்ட ஒரு பக்கம்

பள்ளியில் உணவு தரும் வழக்கத்துக்கு நம் மண்ணில் நூறாண்டு வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் கொண்டு சென்றார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு அது பள்ளி நாள்தோறும் முட்டை என வளர்ந்தது. ஜெயலலிதா ஆட்சியில் ஒரே சாம்பார் சோறு என்ற நிலை மாறி, கலவை சாத வகைகளும் மசாலா முட்டையும் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2023 ஆகஸ்டில் அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

ஒவ்வொரு படியிலும் என்ன கொடுப்பது, எவ்வளவு செலவிடுவது என்பதே பேசப்பட்டது. அதை எப்படிச் சமைப்பது என்பது பெரும்பாலும் சமைக்கும் பெண்ணின் கைக்கும் அனுபவத்துக்கும் விடப்பட்டது. அந்தக் கைகள் பெரும் பணி செய்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் முப்பது ஆண்டு அடுப்படியில் நின்ற சமையலர் ஓய்வுபெற்றுச் செல்லும் நாளில், அவர் கற்றவை அனைத்தும் அவரோடு வெளியேறிவிடுகின்றன. அடுத்து வருபவர் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். அவர் கற்றுக்கொள்ளும் வரையில் குழைந்த சோற்றையும் நீர்த்த சாம்பாரையும் உண்பவர்கள் பிள்ளைகள்.

செய்முறை என்றால் எது?

வார இதழ்களில் வரும் சமையல் குறிப்பை நாம் அறிவோம். "உப்பு தேவையான அளவு", "தண்ணீர் தேவைக்கேற்ப", "பொன்னிறமாகும் வரை வதக்கவும்" என்று இருக்கும். நால்வருக்குச் சமைக்கும் வீட்டுக்கு அது போதும். 100 பேருக்குச் சமைக்கும் இடத்தில் "தேவையான அளவு" என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. யாருடைய தேவை? எந்தப் பாத்திரத்தின் தேவை?

தரப்படுத்தப்பட்ட செய்முறை என்பது வேறு வகை. ஒரு குறிப்பிட்ட சமையலறையில், அங்குள்ள பாத்திரத்திலும் அடுப்பிலும், பலமுறை சமைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே சுவையும் அதே அளவும் கிடைக்கின்றனவா என்று உறுதி செய்த பின்னரே அது எழுதப்படுகிறது. பொருள்களின் எடை, போடும் வரிசை, நேரம், பாத்திரத்தின் அளவு, சமைத்து முடித்ததும் கிடைக்கும் மொத்த எடை, ஒரு பிள்ளைக்கு உரிய பங்கு, பங்கிடும் கரண்டியின் கொள்ளளவு, தூய்மைக்கான குறிப்பு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். அமெரிக்காவில் அரசு உதவி பெறும் பள்ளி உணவுத் திட்டங்களில் இத்தகைய செய்முறைகளை உருவாக்கிப் பின்பற்றுவது விதியாகவே உள்ளது. முதலில் செய்முறையைச் சரிபார்த்தல், அடுத்து உணவின் சுவையையும் தோற்றத்தையும் மதிப்பிடுதல், பின்னர் தேவையான எண்ணிக்கைக்கு அளவை மாற்றுதல் என மூன்று கட்டமாக அங்கே அது செய்யப்படுகிறது.

இது நமக்குப் புதிதென்று எண்ண வேண்டாம். நம் திருமணங்களில் பிரியாணி ஆக்கும் பண்டாரியை நினைத்துப் பாருங்கள். அவரிடம் சென்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை படி?" என்பதே. படியைச் சொன்னதும் பட்டியல் வந்துவிடும். இத்தனை கிலோ அரிசிக்கு இவ்வளவு கறி, இவ்வளவு நெய், இஞ்சியும் பூண்டும் இவ்வளவு, தயிர் இவ்வளவு, விறகு இவ்வளவு என்று தடங்கலின்றிச் சொல்வார். எந்த தேக்சாவில் எத்தனை கிலோ ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பலர் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் சஹன் இருக்கிறது. இத்தனை சஹனுக்கு இவ்வளவு சோறு என்பது அங்கே பங்கீட்டு அளவு. பண்டாரியின் மனத்தில் இருப்பது தரப்படுத்தப்பட்ட செய்முறையேதான். எழுத்தில் இல்லை என்பது மட்டுமே குறை. விருந்துக்கு வருபவர் வயிறு குறையாமல் எழ வேண்டும் என்பதற்காக இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், நாள்தோறும் பள்ளியில் உண்ணும் பிள்ளைக்கு அதே கணக்கைக் கேட்பது முறைதானே?

இருபது மில்லியின் கதை

காலை உணவையே எடுத்துக்கொள்வோம். 100 பிள்ளைகள் உண்ணும் பள்ளி என்று வைத்துக்கொண்டால், விதிப்படி 5 கிலோ ரவை, சாம்பாருக்கு ஒன்றரை கிலோ பருப்பு. சமைத்து முடித்த கிச்சடி 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரை இருக்க வேண்டும். சாம்பார் 6 லிட்டர்.

இப்போது பங்கிடும் கரண்டிக்கு வருவோம். அந்தக் கரண்டி 60 மில்லி கொள்ளுமானால் 6 லிட்டர் சாம்பார் 100 பிள்ளைகளுக்குச் சரியாக வரும். கடையில் கிடைத்ததை வாங்கி வந்ததால் அது 80 மில்லி கொள்ளும் கரண்டியாக இருந்துவிட்டால்? 75ஆம் பிள்ளையோடு அண்டா காலியாகிவிடும். மீதி 25 பிள்ளைகளும் சாம்பார் இல்லாமல் நிற்பார்கள். நடைமுறையில் எவரும் அவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பாதியிலேயே இதை உணர்ந்து சாம்பாரில் வெந்நீர் ஊற்றிவிடுவார்கள். அப்போது கடைசியில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைப்பது பருப்பின் நிறம் மட்டுமே.

இதில் திருடியவர் எவருமில்லை. பருப்பு முழுதாக வந்தது, முழுதாக வெந்தது. கரண்டியின் 20 மில்லி வேறுபாடு ஒன்றே கால் பங்குப் பிள்ளைகளின் உரிமையைத் தின்றுவிட்டது. கரண்டியில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யச் சொல்லும் வரி எங்கும் எழுதப்படாததால் அது நடப்பதில்லை.

பருப்பு கனமானது, அடியில் தங்கும். கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதலில் வருபவருக்கு நீரும் கடைசியில் வருபவருக்குக் குழம்பும் போகும். "பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முறை அடிவரை கலக்கவும்" என்று செய்முறையில் ஒரு வரி இருந்தால் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைக்கும். காய்கறி 50 கிராம் என்பது சந்தையில் வாங்கிய எடையா, தோலும் காம்பும் நீக்கிய எடையா என்பதும் எழுதப்பட வேண்டும். வாழைக்காயில் கழிவது வேறு, தக்காளியில் கழிவது வேறு.

பெருக்கினால் போதாது

"50 பேருக்கு எழுதியதை இரண்டால் பெருக்கினால் 100 பேருக்கு ஆகிவிடாதா?" என்று கேட்கலாம். அரிசி, பருப்பு, காய்கறிக்கு ஆகும். தண்ணீர், உப்பு, மிளகாய், நேரம் ஆகியவற்றுக்கு அப்படியே ஆகாது.

நீர் ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. உணவின் அளவு இரு மடங்காகும்போது வாய் இரு மடங்காவதில்லை. எனவே பெரிய அண்டாவில், விகிதப்படி பார்த்தால், குறைவான நீரே ஆவியாகும். வீட்டு அளவைப் பெருக்கி நீர் ஊற்றினால் கிச்சடி கூழாகிவிடும். அடுப்பை அணைத்த பின்னும் பெரிய அண்டாவின் நடுவில் சூடு நெடுநேரம் நிற்கும்; ரவை அந்தச் சூட்டில் ஊறிக்கொண்டே இருக்கும். ஆகவே இறக்கும் பதமும் மாறும். மிளகாயும் மிளகும் பட்டையும் அப்படித்தான். முதல்முறை கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைத்துப் போட்டுச் சுவைத்துப் பார்த்தே இறுதி அளவை எழுத வேண்டும்.

ஆகவே ஒரே செய்முறையில் 25, 50, 100, 200 என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு கட்டமும் சமைத்துப் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும். பள்ளியில் வருகை நாள்தோறும் மாறும். மழை நாளில் குறையும். சந்தை நாளில் குறையும். ரமலானில் நோன்பு வைக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகள் மதியம் உண்ண வரமாட்டார்கள். முஸ்லிம் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் அந்த மாதம் முழுவதும் எண்ணிக்கை வேறு. கட்டம் கட்டமாக எழுதிய தாள் இருந்தால் அன்றைய எண்ணிக்கைக்கு ஏற்பச் சமைக்கலாம். இல்லையேல் பழக்கப்பட்ட அளவில் ஆக்கி, மிஞ்சியதைக் கொட்ட நேரும். உணவைக் கொட்டுவதை நம் மார்க்கம் எவ்வளவு வெறுக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உயிர் தொடர்பான வரிகள்

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராயினும் அவர்கள் நம் பிள்ளைகளே.

ஒரு தாள் அந்த நஞ்சைத் தடுத்திருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நல்ல செய்முறையில் சமையல் தொடங்கும் முன்பே சில வரிகள் இருக்கும். எண்ணெயும் பருப்பும் பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ இருக்கும் இடத்தில் வைக்கப்படக் கூடாது. மருந்து இருந்த டப்பாவில் உணவுப்பொருள் எதையும் ஊற்றக் கூடாது. நிறமோ மணமோ மாறியிருந்தால் சமையலை நிறுத்த வேண்டும். விரிசல் விழுந்த முட்டையை ஒதுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும். சமைத்ததைச் சூடாறுமுன் பரிமாற வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கலாகாது.

"சமையலை நிறுத்த வேண்டும்" என்ற வரியை எண்ணிப் பாருங்கள். கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் பணிபுரியும் ஏழைப் பெண். எண்ணெயின் மணம் சரியில்லை என்று அவருக்குப் பட்டால் யாரிடம் சொல்வார்? மேலே இருப்பவர் "பரவாயில்லை, சமை" என்றால் மறுக்க முடியுமா? சுவரில் எழுதியிருந்தால் முடியும். "நான் சொல்லவில்லை, தாள் சொல்கிறது" என்று விரலை நீட்டலாம். எழுத்து எளியவருக்குத் தரும் வலிமை அது.

கைப்பக்குவம் போய்விடுமா?

இந்த யோசனைக்கு எதிர்ப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. சமையல் என்பது கைப்பக்குவம், அதைத் தாளில் அடைத்தால் சுவை செத்துவிடும் என்பது முதல் வாதம். தருமபுரிப் பிள்ளையின் நாவும் நாகூர்ப் பிள்ளையின் நாவும் ஒன்றல்ல, சென்னையில் எழுதிய ஒரே செய்முறையை எல்லோர் மேலும் திணிப்பது தவறு என்பது இரண்டாவது. ஏற்கனவே பதிவேடுகளால் நொந்திருக்கும் அமைப்பாளருக்கும் சமையலருக்கும் இன்னொரு சுமையா என்பது மூன்றாவது.

இரண்டாவது வாதம் முற்றிலும் சரி. அதனாலேயே செய்முறையைத் தலைநகரில் அமர்ந்து எழுதக் கூடாது. அந்தந்த ஊரில் நன்றாகச் சமைக்கிறார் என்று பெயர் வாங்கிய சமையலரின் அடுப்படியில் அமர்ந்து எழுத வேண்டும். அவர் வழக்கம்போல் சமைக்கட்டும். உடன் இருப்பவர், ஒவ்வொரு பொருளும் அண்டாவுக்குள் போகும் முன் அதை வாங்கி எடை போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அவருடைய ஒரு கைப்பிடி உப்பு எத்தனை கிராம், ஒரு செம்புத் தண்ணீர் எத்தனை மில்லி என்று அப்போதுதான் தெரியும். சமைத்து முடித்ததும் அண்டாவோடு எடை போட்டு, வெற்று அண்டாவின் எடையைக் கழித்தால் மொத்த உணவின் எடை கிடைத்துவிடும். பிறகு அதே அளவுகளைக் கொண்டு வேறொரு சமையலர் சமைக்கட்டும். மூன்று முறை ஒரே விளைவு வந்தால் அதன் பின் எழுதலாம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதையும் எடை போட வேண்டும். எவ்வளவு சத்தான உணவாயினும் பிள்ளை ஒதுக்கிவிட்டால் அதனால் பயன் இல்லை.

இப்படி எழுதினால் முதல் வாதத்துக்கும் விடை கிடைத்துவிடுகிறது. தேர்ந்த ஒருத்தியின் கைப்பக்குவம் அவளோடு மறையாமல் பத்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சேருகிறது. அந்தத் தாளின் அடியில் அவள் பெயரும் இடம்பெற வேண்டும். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குச் சோறிட்டவளின் பெயர் ஒரு தாளிலாவது நிற்கட்டும்.

சுமை என்ற வாதத்துக்கு வருவோம். இன்று சாம்பார் நீர்த்துவிட்டால் யாரைக் குறை சொல்கிறோம்? சமைத்தவரைத்தான். "வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாள்" என்று கூசாமல் பேசுவோரும் உண்டு. சுவரில் தாள் இருந்து, 100 பிள்ளைகளுக்கு மதியம் 2 கிலோ பருப்பு வேண்டும் என்று அதில் எழுதியிருந்து, வந்தது 1,200 கிராம் மட்டுமே என்றால், குறை எங்கே தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொருள் தாமதமாக வந்தாலும் குறைவாக வந்தாலும் பழி அடுப்படியில் விழாது. எனவே அந்தத் தாள் சமையலருக்குச் சுமையாவதைவிடக் கேடயமாவதே மிகுதி. வீண்பழி சுமத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்பதை அறிந்த சமுதாயம் இதை எளிதில் விளங்கிக்கொள்ளும்.

நம் வீடுகளுக்கு என்ன தொடர்பு?

நம் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிறார்கள். சில வீடுகளில், "அங்கே என்ன போடுகிறார்களோ, என்ன கலக்கிறார்களோ" என்ற தயக்கத்தால் பிள்ளையை உண்ண வேண்டாம் எனத் தடுப்பதும் உண்டு. அப்படித் தடுத்த பிள்ளை மதியம் எதையோ வாங்கித் தின்றுவிட்டு மாலை வாடிய முகத்தோடு வீடு திரும்புகிறது. சோறு, பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவற்றில் நமக்குத் தடை ஏதும் இல்லை. இருந்தும் தெரியாத ஒன்றைப் பற்றி ஐயம் வளர்வது இயல்பு. எழுதிய பட்டியல் சுவரில் இருந்தால் தாய் ஒருத்தி நேரில் சென்று படித்துக்கொள்வாள். வதந்தி அங்கேயே முடிந்துவிடும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். முட்டை, பால், நிலக்கடலை, கோதுமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒத்துக்கொள்ளாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். தாளில் "மசாலா" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல் அதில் இருப்பவற்றைப் பெயர் பெயராக எழுத வேண்டும். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இருப்பதுபோல், மாற்று உணவு எது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டுப் பெற நமக்கு வழியும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். நம் பெண்கள் அக்குழுவில் பெயரளவுக்கு இருந்து கையொப்பம் மட்டும் இட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. அவர்கள் கேட்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நல்ல தராசு, அளவு குறித்த ஒரு குவளை, கொள்ளளவு தெரிந்த ஒரு கரண்டி, சுவரில் தெளிவான தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாள். ஜமாஅத்தோ ஊர்ச் சங்கமோ நினைத்தால் முதல் மூன்றையும் ஒரு நாளில் வாங்கிக் கொடுத்துவிடலாம், அதுவும் ஸதக்காதான்.

பிறரிடம் கேட்கும் முன் நம் வீட்டையும் ஒழுங்கு செய்துகொள்வது நல்லது. நம் சமுதாயம் நடத்தும் மத்ரஸா விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் நாள்தோறும் மூன்று வேளை அடுப்பு எரிகிறது. அங்கு உண்ணும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு கீரை, வாரத்துக்கு எத்தனை முட்டை என்று எழுதி வைத்த இல்லங்கள் எத்தனை? தாய் தகப்பனற்ற பிள்ளையால் "பசிக்கிறது, இன்னும் கொஞ்சம்" என்று உரிமையோடு கேட்க முடியாது. அந்தப் பிள்ளைக்காகக் கேட்க ஒரு தாளாவது இருக்க வேண்டும். ரமலானில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு அரசு அரிசி தருகிறது. ஊரார் மற்றவற்றைத் தருகிறார்கள். அந்தக் கஞ்சியின் அளவுகளை எழுதிப் பழகினால் பயிற்சியாகவும் அமையும்.

கையிலிருந்து அளவைக்கு

அளந்து கொடுப்பது வணிகருக்கு மட்டும் உரிய கடமை என்று சிலர் எண்ணுகிறார்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்து, அவர்கள் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு; அது அல்முதஃப்பிஃபீன், 83ஆவது அத்தியாயம். ஒருவருக்கு உரியதைக் குறைத்துக் கொடுப்பது எங்கே நிகழ்ந்தாலும் அது பொறுப்புக்குரிய செயலே. தெரிந்து குறைப்பது குற்றம். அளவு தெரியாமலே குறைவதைத் தடுக்க வழி இருந்தும் விட்டுவிடுவது அலட்சியம்.

ஃபித்ரா கொடுக்கும்போது நாம் ஒரு ஸாஉ என்று கணக்கிடுகிறோம். ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து. முத்து என்பது நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. கையால் அள்ளுவதையே அளவையாக நிறுத்தி, அந்த அளவையால் ஏழையின் உரிமையை உறுதி செய்தது நம் மார்க்க மரபு. அதை இன்றைய கிலோவுக்கு மாற்றுவதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருந்தாலும், ஏழைக்குத் தருவதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. கை ஆளுக்கு ஆள் மாறும். பெறுபவரின் பங்கு மாறலாகாது. பள்ளிக்கூடத்துச் செய்முறைக்கும் இதுவே அடிப்படை.

ஆகவே அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லும் சகோதரிகள் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்: "நம் பள்ளியில் கரண்டி எத்தனை மில்லி?" விடை தெரியாவிட்டால் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம். அன்றே ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளந்து பாருங்கள். சமையலரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முதல் வரி அப்படித்தான் எழுதப்படும்.

பசித்த வயிற்றுக்கு உணவளிக்கும் ஒவ்வொரு கைக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. அந்தக் கை கொடுப்பது கடைசிப் பிள்ளைக்கும் குறையாமல் சென்று சேர அருள்புரிவானாக. ஆமீன்.